எக்ஸிட் சாரும் கடைசிப் பந்தும்

கிரிக்கெட் மேட்ச்சுக்கு நிறைய டிக்கெட் எடுத்தவர்கள் இந்த உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அத்தனை டிக்கெட்டையும் எடுத்து, வெயிலில் வெந்து, கேட் கேட்டாக அலைந்து உள்ளே போய் உட்கார்ந்து, ஒரே ஒரு மேட்ச்சின் முடிவைக்கூடக் கண்ணால் பார்க்காத மனிதர் பூமியில் ஒருவர்தான். அவர் சேலையூரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கிறார். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவுக்கு அவர் எக்ஸிட் சார்.

பெயர் சும்மா வரவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். புதுமனை புகுவிழாவில் எல்லோரும் பூஜை அறையைப் பார்த்து மெச்சிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பின்பக்கமாக வெளியே போக வழி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் விசாரிப்பார். குரோம்பேட்டையில் ஒரு ரிசப்ஷன். மேடைக்கு ஏறும் கியூ மண்டப வாசல்வரை நின்றது. எக்ஸிட் சார் இறங்கும் படிக்கட்டு வழியாக மேடையேறி, மாப்பிள்ளை கையில் கவரைத் திணித்து, போட்டோவுக்குச் சிரித்து, அதே படியில் இறங்கி, பந்திக்குப் போய்விட்டார். "இறங்குற படியில கியூவே கிடையாது பாருங்க" என்று எனக்கு விளக்கம் வேறு. சினிமா தியேட்டரில் கிளைமாக்ஸ் ஆரம்பித்தாலே பார்க்கிங் நெரிசலை நினைத்து எழுந்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை இதுவரை வந்த எல்லாப் படத்திலும் வில்லன்தான் ஜெயித்திருக்கிறான்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தெருவே டீச்சர் என்று கூப்பிடுவதால் புருஷனும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். டீச்சருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். டிவியில் கமெண்ட்ரிக்காரர் தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால், திருத்தம் எங்கள் மாடிவரை கேட்கும். எந்த ஃபீல்டரை எங்கே நிறுத்த வேண்டும் என்று கேப்டனுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். எக்ஸிட் சாருக்கோ மைதானத்தில் நடப்பதில் பெரிய அக்கறை கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் நாலே வாசல் வழியாக உள்ளே போய், ஒரே சமயத்தில் வெளியே வருகிறார்களே, அதுதான் அவருக்கு ஆட்டம். அதில் ஜெயிக்கத்தான் அவர் வந்தார்.

எப்போதும் மூன்று டிக்கெட் எடுப்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதால் மூன்றாவது டிக்கெட் எனக்கு. நாவலூர் ஆபீசில் என் மேனேஜருக்கு, மேட்ச் நாளில் எனக்குக் காய்ச்சல் வரும் என்பது நன்றாகவே தெரியும்.

ஸ்டேடியத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள். டிக்கெட்டில் ஒரு கேட் நம்பர் போட்டிருக்கும். அங்கே போனால் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போகச் சொல்வார்கள். அடுத்த பக்கம் போனால், அங்கே நிற்பவர், நாம் புறப்பட்ட கேட்டைத்தான் கை காட்டுவார். நடுவில் நிழல் என்று ஒன்று இருக்காது. முதல் தடவை நாங்கள் இப்படிச் சுற்றிக் களைத்து வரிசையில் நின்றபோது, டீச்சர் பையிலிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தைப் பார்த்து, செக்யூரிட்டிக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"சாப்பாடு அலவ்டு இல்ல மேடம். தொட்டில போட்டுட்டுப் போங்க."

டீச்சர் முகம் வாடிப்போனது. எக்ஸிட் சார் முன்னால் வந்தார்.

"பையில அலவ்டு இல்ல, சரி. வயித்துல அலவ்டா?"

செக்யூரிட்டிக்காரர் யோசித்தார். வயிற்றைப் பற்றி அவருக்கு உத்தரவு எதுவும் இல்லை. அவ்வளவுதான், வரிசையிலேயே பந்தி ஆரம்பமாகிவிட்டது. முன்னால் நின்ற பம்மல் பையன்களுக்கு ஒரு உருண்டை, பின்னால் நின்ற குடும்பத்துக்கு ஒரு உருண்டை, கடைசியில் செக்யூரிட்டிக்காரருக்கே ஒரு உருண்டையும் மாவடுவும். வரிசை நகரும் வேகத்துக்கு மோர் வரைக்கும் சாப்பிட நேரம் இருந்தது. ஆனாலும் டீச்சரின் கைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை அந்த மனிதர் விடவில்லை. அதை ஆயுதம் என்று எடுத்து வைத்துக்கொண்டார். டீச்சரிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் அவர் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே போனால் எங்கள் சீட்டில் புறா எச்சம். அதைத் துடைக்கத்தான் எக்ஸிட் சார் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு கொண்டு வருவார். துடைத்தபின் அதே துண்டை அலசி, சீட்டில் விரித்து இடம் பிடிப்பார். நம்பர் போட்ட சீட்டுக்கு எதற்குத் துண்டு என்று கேட்டேன். நம்பரை யார் வேண்டுமானாலும் படிக்காமல் விடலாம், துண்டின் மேல் நம் ஊரில் ஒருத்தனும் உட்கார மாட்டான் என்றார். சொன்னபடியே எங்கள் வரிசையில் நம்பரை நம்பியவர்கள் எல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருக்க, துண்டை நம்பிய நாங்கள் நிம்மதியாக உட்கார்ந்தோம்.

பாத்ரூமுக்கும் அவரிடம் திட்டம் உண்டு. இடைவேளையில் போனால் கியூ என்பதால், ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஒவ்வொருவராக அனுப்புவார். அதனால் டீச்சர் பார்க்காமல் போன விக்கெட்டுகளை வைத்து ஒரு டீமையே ஆல் அவுட் ஆக்கலாம். ஒருமுறை ரயில் வேண்டாம் என்று ஸ்கூட்டரில் போனோம். நான் என் வண்டியில், அவர்கள் அவர்களுடையதில். எக்ஸிட் சார் வழக்கம்போல் ரோட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, மீசையை நீவிக்கொண்டார். திரும்பி வந்து பார்த்தால், அவர் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஊரே தன் பைக்குகளை நிறுத்தியிருந்தது. மேட்ச் முடிந்து, அந்த ஊரே சாவகாசமாக வந்து வண்டியை எடுக்கும்வரை, எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்த மனிதர் ஸ்கூட்டர் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். வாசல் தெரிகிறதே, அதுவே போதும் என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சில்லறை. அவருடைய முழுத் திறமை, கடைசி மூன்று ஓவர் இருக்கும்போதுதான் வெளிப்படும். ஆட்டம் ஊசி முனையில் நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எக்ஸிட் சார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

"கிளம்பலாமா டீச்சர்?"

அது கேள்வி இல்லை. டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில். மேட்ச்சை டிவியில் மறுபடி போடுவான், போன ரயிலை மறுபடி போட மாட்டான்.

வெளியே வந்து காலி ரோட்டில் நடக்கும்போது பின்னாலிருந்து ஸ்டேடியம் அலறும். டீச்சர் அப்படியே நின்றுவிடுவார். எக்ஸிட் சார் நடந்துகொண்டே, அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்வார். அவருக்குத் தெரிந்த ஒரே கிரிக்கெட் அதுதான்.

"இது ஃபோர். சிக்ஸ்னா சத்தம் இன்னும் நீளமா வரும்."

"ஃபோர் கிடையாது. கேட்ச் விட்டிருக்கான். நடுவுல ஒரு 'அய்யோ' கேட்டுச்சு."

"அய்யோன்னு கேட்டா அது ரன் அவுட்."

இப்படி ஒரு மேட்ச்சின் கடைசி ஓவரை இரண்டு பேரும் நடைபாதையில் நின்று ஆடி முடிப்பார்கள். பார்க் ஸ்டேஷனில் ஆள் இல்லாத ரயில் வரும். எக்ஸிட் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, உலகக் கோப்பையைத் தூக்கியவர் மாதிரி எங்களைப் பார்ப்பார். டீச்சர் வீட்டுக்கு வந்து ஹைலைட்ஸ் பார்ப்பார். டீச்சர் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் அதற்குள் எக்ஸிட் சார் குறட்டை விட்டிருப்பார்.

போன சீசனில்தான் இதற்கு ஒரு சோதனை வந்தது. டீச்சரின் வலது முட்டி வெகு நாளாகவே தகராறு செய்துகொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஸ்டேடியம் படிகள் எல்லாம் எப்போது ஏற முடியுமோ, ஏற முடியாமலே போனாலும் போகலாம் என்றும் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மேட்ச்தான் பாக்கி. நல்லவேளையாகப் பகல் மேட்ச். டீச்சர் என்னை வைத்துக்கொண்டே புருஷனிடம் சொன்னார்.

"ஏங்க, இந்தத் தடவை கடைசிப் பந்து வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். ஒரே ஒரு மேட்ச்சாவது முடியறத என் கண்ணால பாக்கணும். நீங்க போறதுன்னா போங்க."

 எக்ஸிட் சார் மறுநாள் மாடிக்கு வந்து என்னிடம் புலம்பினார். மேட்ச் விட்டதும் அந்தக் கூட்டத்தில் டீச்சர் எப்படி நடப்பார்? நடந்து வந்தாலும் ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா? பார்க்கிலிருந்து தாம்பரம்வரை அந்த முட்டியோடு நிற்க முடியுமா? அவர் இத்தனை வருஷமாக எழுந்து ஓடியதற்கு, முதல் தடவையாக ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. பாவம், அதை டீச்சரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மேட்ச் நாள் வந்தது. நம் பசங்கள் இரண்டாவதாக பேட்டிங். கேட், சுற்றல், வயிற்றுப் பந்தி, புறா எல்லாம் முறைப்படி நடந்தன. மூன்று ஓவர் இருந்தது. எக்ஸிட் சார் எழுந்தார். துண்டை உதறினார். டீச்சர் மைதானத்தைப் பார்த்தபடியே சீட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கிளம்பலாமா என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். அவர் டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார். "பாத்துக் கூட்டிட்டு வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

டீச்சர் திரும்பவே இல்லை. "போகட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நாள் இருந்தா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றார். அதற்குள் அங்கே ஒரு சிக்ஸ் போனது. டீச்சரின் மனமும் அதோடு போய்விட்டது.

கடைசி ஓவரை நான் உங்களுக்கு விவரமாக எழுதியிருப்பேன். ஆனால் கடைசிப் பந்துக்கு எனக்கு முன் சீட்டுக்காரர் கொடியை விரித்துக்கொண்டு எழுந்தார். நான் பார்த்தது மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஒரு துணியைத்தான். ஸ்டேடியம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொடியை விலக்கிப் பார்த்தபோது நாம் ஜெயித்திருந்தோம், எப்படி என்று தெரியவில்லை. டீச்சர் அந்த முட்டியோடு எழுந்து நின்று, விசிலே அடித்துவிட்டார். கேட்டால் அப்புறம் நிதானமாகச் சொல்கிறேன் என்று கையமர்த்தினார்.

நிதானம் எங்கே? வெளியே வரும் வாசலில் பாதியை எதற்கோ அடைத்து வைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஊரே பிதுங்கியது. ஊர்ந்து ஊர்ந்து ரோட்டுக்கு வந்தால் செல்போனில் சிக்னல் இல்லை. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. டீச்சர் நொண்டுவதைப் பார்த்து ஒரே ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஒதுக்கினார்.

"ரோடு ஃபுல்லா ஜாமா கீது சார். ஸ்டேஷன் வாசல்ல வுட முடியாது, சிக்னலாண்ட எறங்கிக்கினு நடந்துடுங்க. யம்மா, நீ காலை நீட்டிக் குந்து."

பார்க் ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் பாதி ஸ்டேடியம் வந்து நின்றிருந்தது. வந்த ரயிலில் கதவுக்கு வெளியே ஆள் தொங்கியது. அடுத்ததும் அப்படியே. டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வலி தெரிந்தது. புருஷன் சொன்னதுதான் சரியோ, அப்போதே கிளம்பியிருக்கலாமோ என்று அவர் முணுமுணுத்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் என் போன் அடித்தது.

"நடு பிளாட்பாரத்துக்கு வாங்க" என்றார் எக்ஸிட் சார். "அடுத்த வண்டி. துண்டு தெரியும்."

வண்டி வந்தது. அத்தனை தலைகளுக்கு நடுவே ஒரு ஜன்னலில் இருந்து பச்சைத் துண்டு, ரயில்வே கார்டு காட்டுகிற கொடி மாதிரி ஆடிக்கொண்டே வந்தது.

எங்கள் லைன் ஆட்களுக்கு இந்தத் தந்திரம் தெரியும். பார்க்கில் தாம்பரம் ரயிலுக்கு இடம் கிடைக்காவிட்டால், எதிர்ப்பக்க ரயிலில் ஏறி, பீச் ஸ்டேஷனுக்கே போய், அங்கே புறப்படும் காலி வண்டியில் உட்கார்ந்து திரும்பி வருவது. எக்ஸிட் சார் அதைத்தான் செய்திருக்கிறார். பீச்சுக்குப் போய், தான் ஒரு சீட்டில் உட்கார்ந்து, டீச்சருக்கு எதிர் சீட்டில் துண்டு போட்டு வந்திருக்கிறார். போன் கிடைக்காததால் நாங்கள் எப்போது வருவோம் என்று தெரியவில்லை. பார்க்கில் எங்களைக் காணாவிட்டால் எழும்பூரில் இறங்கி, மறுபடி பீச், மறுபடி துண்டு. இப்படி எத்தனை தடவை என்று கேட்டதற்கு, சும்மா காத்தாட ரெண்டு ரவுண்டு என்றார். சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்திருந்தது.

கூட்டம் வழிவிட்டது. டீச்சர் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். காலை நீட்டச் சொல்லி, தன் கால்களை ஒடுக்கிக்கொண்டார் எக்ஸிட் சார். பக்கத்தில் நின்ற பையன் அவரிடம் உற்சாகமாக மேட்ச்சைப் பற்றி ஆரம்பித்தான். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"யாரும் சொல்லாதீங்க. எங்க வீட்டம்மா பாத்துட்டு வந்திருக்காங்க. அவங்கதான் சொல்லணும்."

 டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்.

இத்தனை வருஷமாகப் பாதியில் எழுப்பப்பட்டவர். அவசரப்படுவாரா? எக்ஸிட் சார் கிளம்பிப் போன நிமிடத்திலிருந்து தொடங்கினார். மாம்பலம் வரும்போது ஒரு ஓவர்தான் முடிந்திருந்தது. யார் எங்கே நின்றார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது, பௌலர் எத்தனை தரம் ஷூ லேசைக் கட்டினான், எல்லாம் வந்தது. மேட்ச்சை நேரில் பார்த்துவிட்டு வந்த கூட்டம்தான் அந்தப் பெட்டி முழுக்க. ஆனாலும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தது. நடுவில் ஒருவன், அது மிட் ஆன் இல்லை, லாங் ஆன் என்று திருத்தப் பார்த்தான். டீச்சர் அவனைப் பார்த்த பார்வையில், பேசாமல் கையைத் தூக்கி அனுமதி கேட்டான். கொடுக்கவில்லை. கிண்டியில் கடைசி ஓவர் ஆரம்பமானது. மீனம்பாக்கத்தில் ஒரு விக்கெட் விழுந்து, எக்ஸிட் சார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

குரோம்பேட்டை வந்தது. வழக்கமாக அங்கேயே எழுந்து, கதவுக்குப் போய் நின்றுவிடுகிறவர் அவர். எழுந்திருக்கவில்லை. சானடோரியம் போனது. அப்போதும் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இறங்க வேண்டிய தாம்பரம் வந்து பெட்டி காலியானது. தாம்பரத்துப் பையன்கள் சிலர் மட்டும், இறங்க மனமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வண்டி அப்படியே பீச்சுக்குத் திரும்புகிற வண்டி. ஊருக்குள் போகிறவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். ஒருவர் கர்ச்சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு எக்ஸிட் சாரிடம் வந்தார்.

"சார், எறங்குறீங்களா?"

"இருங்க சார்" என்றார் எக்ஸிட் சார், டீச்சரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு பந்து பாக்கி."

கடைசிப் பந்து எனக்கும் தெரியாதே. நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வண்டி லேசாகக் குலுங்கியது. பிளாட்பாரம் மெல்லப் பின்னால் போவதை நான் பார்த்தேன். சொல்லவில்லை.

"ஓடி வரான்" என்றார் டீச்சர். "போட்டுட்டான். இவன் கண்ண மூடிட்டு பேட்டைச் சுத்தறான். பந்து எட்ஜ் வாங்கி, கீப்பர் கைக்கு எட்டாம..."

அங்கே நிறுத்தினார். பொறுக்க முடியாமல் பையன்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஓவென்று கத்தினார்கள். எக்ஸிட் சார் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டார்.

"ஃபோர்" என்றார். "சிக்ஸ்னா இன்னும் நீளமா வரும்."

"ஃபோர்தாங்க" என்றார் டீச்சர். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கோர் வந்திருந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தால் வெளியே சானடோரியம். எங்கள் ஊரைத் தாண்டி, வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். எக்ஸிட் சார் போர்டைப் படித்தார், சிரித்தார், பரவாயில்லை, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம் என்றார். குரோம்பேட்டையில் இறங்குகிறவர்கள் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து, டீச்சரின் கையைப் பிடித்து, கடைசி ஆளாக, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார். இந்த மனிதர் கூப்பிட்டால் இன்னும் எத்தனை கேட்டை வேண்டுமானாலும் வெயிலில் சுற்ற நான் தயார்.